நிற்கும் பிரதிநிதி

மார்ச்சு மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகலில், கொலையற்ற இறைச்சி வளர்ப்பு வாரியத்தின் அலுவலர் இருவர் ஒரு கறிக்கடைக்குள் நுழைந்தனர். அங்கே தழை தின்றுகொண்டிருந்த ஆடு பல நூறு முறை இறந்துவிட்டது என்றும், அப்படி இறந்த ஆடு இன்னமும் உயிரோடு இருப்பது விதிமீறல் என்றும், ஆகவே அதனை உடனே வெட்டித் தர வேண்டும் என்றும் கடைக்காரருக்கு உத்தரவிட்டனர். இது அநியாயம். முறையீடு இவ்வளவே, மற்றவை எல்லாம் விளக்கம்.

கடை என்று அதனைச் சொல்வதும் பழக்கத்தினால்தான். வாரியம் வந்தபின் ஊரிலிருந்த கறிக்கடைகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. இந்தக் கடையின் கொக்கிகளில் இப்போது ஈரத்துணிகள் தொங்கின. நடுவில் குழிந்துபோன வெட்டுக்கட்டையின்மேல் ஒரு மின்விசிறி இருந்தது, அது ஆட்டுக்காக. கத்திகளை மட்டும் கடைக்காரர் எண்ணெய் தடவிச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார். கேட்பவர்களின் கத்திகளுக்குச் சாணை பிடித்துக் கொடுப்பார். வாரியத்தின் பொட்டலக் கறியை நறுக்கக் கத்தியே வேண்டாம், கரண்டி போதும் என்பதால், கேட்பவர்களும் குறைந்துகொண்டே வந்தனர்.

நகரத்துக்குத் தேவையான இறைச்சி முழுவதையும் வாரியமே வளர்த்தது. ஓர் ஆட்டின் கழுத்திலிருந்து எள்ளளவு தசையைக் கிள்ளியெடுத்து, வெதுவெதுப்பான கரைசலில் இட்டு, எஃகுத் தொட்டிகளில் பெருக்கினார்கள். தொட்டி நிறைந்ததும் வழித்தெடுத்து, அழுத்திக் கட்டியாக்கிப் பொட்டலம் கட்டினார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கறி கறியாகவே இருந்தது; தின்றவர்கள் நன்றாகவே இருந்தார்கள். அறிவியலின் பங்கு அத்துடன் முடிந்தது. வாரியத்தின் பங்கு அதன்பின் தொடங்கியது.

இறைச்சி ஆய்வுச் சட்டம் என்று ஒன்று உண்டு. அது கசாப்புக் கூடங்கள் இருந்த காலத்தில் எழுதப்பட்டது. வெட்டப்படவுள்ள விலங்கு முதலில் மருத்துவர்முன் நான்கு கால்களில் நின்று காட்ட வேண்டும். மருத்துவர் அதன் கண்ணையும் பல்லையும் நடையையும் பார்க்க வேண்டும். தொடையில் ஊதா முத்திரை குத்த வேண்டும். அதன்பின் ‘வெட்டப்பட்டது’ என்று பதிய வேண்டும். இவை நடவாமல் ஒரு துண்டுக் கறியும் விற்பனைக்குப் போகக்கூடாது.

வாரியத்தின் ஆய்வு மருத்துவர் முதலில் தொட்டியையே ஆய்வு செய்து பார்த்தார். தொட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டார். மூடியைத் திறந்து பல் இருக்கிறதா என்று பார்த்தார். சற்று நடந்து காட்டும்படி அதனிடம் பணிவாகவே கேட்டுக்கொண்டார். தொட்டி நடக்க மறுத்தமையால் முதல் சில வாரங்களின் இறைச்சி வீணாயிற்று. சட்டத்தைத் திருத்தலாமே என்று கேட்ட இளநிலை அலுவலர் ஒருவர், யாரும் எதுவும் கேட்காத ஒரு கிளைக்கு மாற்றப்பட்டார். ஏனெனில், சட்டத்தைத் திருத்துவது அது இதுவரை குறையுடையதாக இருந்தது என்று ஒப்புக்கொள்வதாகும். அப்படி ஒப்புக்கொள்ளும் அதிகாரம் வாரியத்தில் யாருக்கும் வழங்கப்படவில்லை.

ஆகவே ஓர் ஆடு தேவைப்பட்டது.

கடைக்காரரின் மைத்துனன், அதாவது அவர் மனைவியின் தம்பி, வாரியத்தில் தொட்டி கழுவும் பணியில் இருந்தான். அவன்தான் ஒருநாள் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“மாமா, உங்க ஆட்டைக் கொஞ்சம் ஆபீசுக்கு அனுப்புறீங்களா?”

“எதுக்குடா? வெட்டவா?”

“சேச்சே! வெட்டுனதா எழுத.”

“வெட்டாம எப்படிடா வெட்டுனதா எழுதுவீங்க?”

“அதுக்குத்தானே மாமா அங்க இத்தனை பேரு வேலை பாக்குறோம்.”

கடைகள் மூடப்பட்ட நாளுக்கு முந்தின மாலையில் கடைக்காரர் வாங்கி வந்த வெள்ளாடு அது. மறுநாள் விடிந்ததும் வெட்டுவதாக இருந்தார். விடிந்ததும் உத்தரவு வந்தது. கத்தி சுவருக்குப் போயிற்று. ஆடு கடையிலேயே தங்கிவிட்டது. அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. வெட்டப்போகும் ஆட்டுக்குப் பெயர் வைப்பது அவருடைய தொழிலில் வழக்கமில்லை. வெட்டாமல் விட்ட ஆட்டுக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வாரியத்தில் அந்த ஆட்டுக்கு ‘நிற்கும் பிரதிநிதி’ என்னும் பதவி வழங்கப்பட்டது. தொட்டி ஒன்று நிறையும்போதெல்லாம் ஆடு வண்டியில் போய் இறங்கும். வெட்டுக்கு முன் விலங்குக்கு ஓய்வும் தண்ணீரும் தர வேண்டும் என்பது விதியாதலால், ஓய்வுக் கொட்டிலில் சற்று நேரம் கால் மடித்துப் படுத்திருக்கும். பின்னர் மருத்துவர்முன் நிற்கும். அவர் இமையை விரித்துப் பார்ப்பார், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார், நடக்கச் சொல்வார். ஆடு நடக்கும். தொடையில் ஊதா முத்திரை விழும். ‘வெட்டப்பட்டது’ என்று பதிவாகும். வெட்டப்பட்ட ஆடு மறு வாசல் வழியாக வெளியேறி, வண்டியேறி வீட்டுக்கு வந்து தழை கேட்கும்.

கடைக்காரரின் மனைவி அதன் தொடையைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். நாளடைவில் எவ்வளவு தேய்த்தும் போகாமல் தொடை ஊதாவாகவே ஆகிவிட்டது.

“வாங்க ஆபீசரம்மா,” என்பார் அவர். “இன்னைக்கு எத்தனை தடவை செத்தீங்க? டீ, காபி ஏதாவது குடுத்தாங்களா?”

“அதுகூட என்னடி பேச்சு?” என்று கடைக்காரர் முனகுவார்.

“ஏங்க, நம்ம வீட்டுல ஆபீசுக்குப் போயிட்டு வர்ற ஒரே ஆளு இவதான். இவகூடப் பேசாம, நாள் பூரா சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிற உங்ககூடவா பேசுறது?”

இந்த ஏற்பாட்டினால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆகவே அது நீடிக்கவில்லை.

ஒருநாள் தணிக்கையாளர் வந்தார். தொட்டிகளைப் பார்த்தார், குறை காணவில்லை. குறை காணாமல் திரும்பிப் போவது அவருடைய பணியில் வழக்கமில்லையாதலால், கட்டடத்தை இன்னொரு முறை சுற்றினார். ஓய்வுக் கொட்டிலில் ஆடு படுத்திருப்பதையும், அருகில் மைத்துனன் நின்றுகொண்டு அதன் காதைச் சொறிந்து கொடுப்பதையும் கண்டார்.

“இது என்ன?”

“ஆடு சார்.”

“அது தெரியுது. எந்த ஆடு?”

“நேத்து வெட்டுன ஆடு சார்.”

“அப்ப, இன்னைக்கு வெட்டப்போறது?”

“இதேதான் சார். ரொம்ப நல்ல ஆடு. இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தகராறு பண்ணதில்ல.”

இது மோசடி என்று தணிக்கையாளர் சொல்லவில்லை. மோசடி வேறொரு துறையைச் சேர்ந்தது. ‘இறப்புகளின் எண்ணிக்கையும் இறந்ததன் உடல்நிலையும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன’ என்று மட்டும் குறித்துவிட்டு, மதிய உணவுக்குப் போய்விட்டார்.

முரண்பாட்டைக் களைய இரண்டு வழிகள் இருந்தன. ஆடு ஒருமுறைகூட வெட்டப்படவில்லை என்ற உண்மையை ஒப்புக்கொள்வது ஒரு வழி. அப்படிச் செய்தால், இதுவரை ஊரார் தின்ற கறி முழுவதும் ஆய்வு செய்யப்படாத கறியாகிவிடும். ஆட்டை வெட்டிவிடுவது இன்னொரு வழி. ஒருமுறை மெய்யாகவே இறந்துவிட்டால், அந்த ஓர் இறப்பை முன்தேதியிட்டு மற்ற இறப்புகளுக்கெல்லாம் பொருத்திக்கொள்ளலாம். எது எளிது என்பதில் வாரியத்துக்கு ஐயம் எழவில்லை.

அப்படித்தான் மார்ச்சுப் பதினேழாம் நாள் கண்காணிப்பாளரும் ஆய்வு மருத்துவரும் கடைக்கு வந்தனர். பின்னால் மைத்துனன் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

“உக்காருங்க, உக்காருங்க,” என்று கண்காணிப்பாளர் கடைக்காரரை அவருடைய கடையிலேயே உட்காரச் சொன்னார். “பெருசா ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு தடவை வெட்டிக் குடுத்துட்டீங்கன்னா, எல்லாருக்கும் நிம்மதி.”

“நீங்களே வெட்டிக்க வேண்டியதுதானே?”

“வாரியத்துல கத்தி வெச்சுக்க அனுமதி இல்லைங்க,” என்றார் மருத்துவர். “பேரே கொலையற்ற வாரியம் இல்லையா? தவிர, எனக்கு ரத்தத்தைப் பாத்தா தலை சுத்தும்.”

“நீங்க ஆடு மாட்டு டாக்டர்தானே?”

“அதனாலதாங்க இந்த வேலைக்கு வந்தேன்.”

கடைக்காரர் சற்று நேரம் சுவரிலிருந்த கத்திகளைப் பார்த்தார். பிறகு, கறிக்கடைக்காரர் எவரும் இயல்பாகக் கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்டார்.

“சரி, கறி யாருக்குப் போகும்?”

“யாருக்கும் போகாது,” என்றார் கண்காணிப்பாளர். “வெளியில வெட்டுன கறியை விக்கக் கூடாதுன்னு நம்ம வாரியமே சட்டம் போட்டிருக்கே. எரிச்சுருவோம்.”

“எரிச்சுருவீங்களா?”

“சுத்தமா.”

கடைக்காரர் எழுந்து நின்றார். கடைகளை மூடச் சொன்னபோதுகூட மறுபேச்சுப் பேசாமல் மூடிவிட்டு வந்தவர் அவர். “அப்ப முடியாது,” என்றார்.

“என்னது?”

“முடியாதுங்க. நான் ஆட்டைக் கும்பிடுறவன் இல்ல. எத்தனையோ ஆட்டை வெட்டியிருக்கேன். எல்லாத்தையும் யாரோ திங்கணும்னு வெட்டினேன். உங்க கணக்கு நேராகணும்னு ஒரு ஆட்டையும் வெட்டினதில்ல. தின்ன ஆளில்லாம ஒரு உசிரை எடுக்குறதுக்கு வேற பேரு இருக்கு. அதை நீங்கதானே ஒழிச்சுட்டதா போர்டு மாட்டியிருக்கீங்க?”

“மறுப்புன்னு எழுதிக்கலாமா?” என்று கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார்.

“எழுதிக்குங்க. ரெண்டு தடவை எழுதுங்க. நடந்ததோ நடக்கலையோ, பல தடவை எழுதித்தானே உங்களுக்குப் பழக்கம்? இன்னொண்ணும் எழுதிக்குங்க. நாளையிலிருந்து ஆடு ஆபீசுக்கு வராது.”

ஆடு வருவது நின்றதே தவிர, தொட்டிகள் நிற்கவில்லை. அவை யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் நிறைந்தன. மூடிகள் மெல்ல மேலெழத் தொடங்கின. ஆய்வில்லாமல் வழித்தெடுப்பதற்கு வழியில்லை. வாரியத்தின் சட்டப் பிரிவினர் கூடி, விதியைச் சொல் சொல்லாகப் படித்தனர்.

அதன் விளைவு அடுத்த வார இறுதியில் கடைக்கு வந்து சேர்ந்தது. மைத்துனன் வந்தான், வந்தவன் உட்காராமல் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான்.

“ஏன்டா நிக்கிற? உக்காரு, சாப்பிடு,” என்றார் அக்கா.

“வேணாம் அக்கா. முத்திரை இன்னும் காயல.”

“எந்த முத்திரை?”

அவன் நெளிந்தான். “நாலு கால்ல நிக்கணும்னுதான் விதியில இருக்காம். ஆடா இருக்கணும்னு இல்லையாம். கண்காணிப்பாளர் வந்து, ‘தம்பி, கொஞ்சம் குனிஞ்சு கையை ஊனிக்கோ’ன்னாரு. சரின்னு ஊனினேன். டாக்டர் கண்ணைப் பாத்தாரு, பல்லைப் பாத்தாரு. ரெண்டு பல்லு சொத்தையாம், அதுக்கு மட்டும் திட்டினாரு. அப்புறம் நடன்னாரு. நடந்தேன்.”

“நடந்தியா? கையிலயும் காலுலயுமா?”

“பெர்மனென்ட் ஆக்குறேன்னு சொன்னாங்க அக்கா.”

கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். “முத்திரை குத்துன பிறகு என்னடா எழுதினாங்க?”

மைத்துனன் தலையைத் திருப்பினான். ஆட்டைப் பார்த்தான். ஆடும் அவனைப் பார்த்தது. ஒரே பதவியில் இருந்தவர்கள் சந்தித்துக்கொள்ளும் பார்வை அது.

“வெட்டுனதா எழுதிட்டாங்க மாமா. இப்ப கணக்குப் பிரிவுல, செத்தவனுக்கு எப்படிச் சம்பளம் போடுறதுன்னு கேக்குறாங்க. ஆட்டை அனுப்பி வெச்சா, என் பேரைத் திருத்தி எழுதிடுறோம்னு கண்காணிப்பாளர் சொன்னாரு. அனுப்பலைன்னா...”

“அனுப்பலைன்னா?”

“அடுத்த தணிக்கை வரும்போது நானும் உயிரோட இருக்கக் கூடாதுல்ல மாமா.”

அக்காளின் முகம் சிவந்தது. அவர் தம்பியைத் திட்டவில்லை, அழவும் இல்லை. கொக்கியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தார். கடைசித் துணியை மடித்தபின், “நீங்க மாட்டேன்னதுக்கு நாளைக்கு வாரியத்துல விசாரணைன்னு சொன்னாங்கல்ல?” என்று கணவரைக் கேட்டார். “நானும் வர்றேன். ஆபீசரம்மாவும் வருவா.”

வாரியத்தின் வாசலில் காவலர் தடுத்தார்.

“நீங்க போகலாம்மா. ஆடு போக முடியாது. செத்ததை உள்ள விட உத்தரவு இல்ல.”

“வெளிய விடுவியா?”

“வெளிய தாராளமா விடலாம்.”

“அப்ப நாங்க வெளிய போறோம்னு வெச்சுக்க,” என்று சொல்லிவிட்டு, அவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். காவலர் யோசித்துக்கொண்டே இருந்தார். விதியில் அதற்கு எதிராக ஒன்றும் அகப்படவில்லை.

விசாரணை மண்டபம் நீளமானது, குளிரூட்டப்பட்டது. ஒவ்வொரு நாற்காலிக்கு எதிரிலும் ஒரு தண்ணீர்ப் புட்டி இருந்தது. சுவரில் ஓர் ஆடு புன்னகை செய்யும் பெரிய படம் இருந்தது. அதன்கீழ் ‘ஓர் உயிரும் போகவில்லை’ என்று பொன்னெழுத்துகளில் பொறித்திருந்தார்கள். உயிருள்ள ஆடு அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தது. அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வாரியத்தின் ஆணையர் எழுந்தார். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

“பெரியோர்களே! மனிதகுலம் தோன்றிய நாள்முதல், உணவுக்காக உயிர்கள் கொல்லப்பட்டு வந்தன. அக்கொடுமைக்கு முடிவு கட்டியது இவ்வாரியம். கொலை என்னும் சொல்லே இன்று நம் ஊரில் இல்லை. இந்த மாபெரும் சாதனை முழுமை பெறுவதற்கு இன்னும் ஒரேயொரு தடைதான் எஞ்சியுள்ளது.” அவர் சற்று நிறுத்தினார். “இந்த ஆடு இன்னும் சாகவில்லை.”

கைதட்டல் எழுந்து அடங்கியது.

“ஆவணங்களைத் திருத்தினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: ஆடு என்பது என்ன? இன்றிருந்து நாளை அழிவது. ஆவணம் என்பது என்ன? என்றும் நிலைத்திருப்பது. அழிவதைக் காப்பாற்றுவதற்காக நிலைத்திருப்பதைச் சிதைக்கலாமா? இந்த ஆட்டின்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. இதன் கறி எங்களுக்கு வேண்டியதில்லை. இதன் சாவினால் எவருக்கும் எந்தப் பயனும் இல்லை. பயனே இல்லாத காரணத்தினால் இதனைக் கொலை என்று சொல்ல முடியாது. இதன் பெயர் ஒத்திசைவு.”

மீண்டும் கைதட்டினார்கள். சிலர் ‘ஒத்திசைவு’ என்று குறித்துக்கொண்டார்கள்.

“கடைக்காரர் ஒத்திசைவுக்கு உடன்படுகிறாரா?”

தம் வாழ்நாளில் இவ்வளவு குளிரான அறையில் கடைக்காரர் நின்றதில்லை. இறைச்சி வைக்கும் குளிரறையைத் தவிர. மைத்துனனைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டைப் பார்த்தார், அது அவருடைய சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

“முடியாதுங்க,” என்றார்.

“எதிர்பார்த்தோம்,” என்றார் ஆணையர். “வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்திருக்கிறோம். நம் விருந்தினர் இல்லத்தில்தான் தங்கியிருக்கிறார். நாளைக் காலையில் பணி நிறைவுறும். கூட்டம் கலையலாம்.”

நாற்காலிகள் நகர்ந்தன. அப்போது கடைக்காரரின் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

“ஐயா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இத்தனை தடவை வெட்டுனீங்களே, தலை எங்க?”

“எந்தத் தலை?”

“ஆட்டுத் தலைங்க. வெட்டுனா தலை வரும்ல?”

கறிக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டைக் கொண்டுவந்து வெட்டச் சொன்னவர் கறியைக் கடைக்கு விற்றுவிட்டாலும், தலையும் காலும் தோலும் அவருக்கே உரியவை. இந்தக் கடையில் கறி கணவருடைய பாடு. தலை, கால், தோல் மனைவியின் பாடு. கடைவாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதைக் கொடுத்து, தம்முடையதை விற்றுவந்தவர் அவர். தலை வந்து சேராமல் எந்த வெட்டையும் முடிந்ததாக அவர் விட்டதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் கேட்டாரேயன்றி, அவர் சட்டம் படித்தவர் அல்லர்.

ஆணையர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் வெளுத்தது.

“இருக்கிறது ஐயா. அடுத்த விதி. ‘தலை, கால், தோல் ஆகியவை உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரே வெட்டு நிறைவுற்றதாகக் கருதப்படும். அவ்வாறு நிறைவுறும்வரை, அந்த உரிமையாளரின் விலங்கு எதனையும் மேற்கொண்டு வெட்டுதல் ஆகாது.’”

“அதனைத் திருத்தவில்லையா?”

“வாரியம் எதையும் திருத்துவதில்லை ஐயா.”

கடைக்காரரின் மனைவி எழுந்து நின்றார். “கேட்டீங்கல்ல? ஒண்ணு, வெட்டவே இல்லன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. இல்லையா, என் தலையெல்லாத்தையும் குடுங்க. என் தம்பி தலை அவன் கழுத்து மேல இருக்கு. அதை நான் பாத்துக்கறேன். மிச்சத்தை வண்டியில ஏத்தி அனுப்புங்க. அது வர்றதுக்கு முன்னாடி எவனாவது இந்த ஆட்டு மேல கை வெச்சான், அப்புறம் நான் பேச மாட்டேன்.”

“இவ்வளவு நேரம் பேசினீர்களே அம்மா,” என்றார் ஆணையர்.

“இது பேச்சே இல்லைங்க. எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க.”

“இல்லைங்க,” என்று கடைக்காரர் உறுதிப்படுத்தினார்.

ஆணையர் தலைமை விஞ்ஞானியைப் பக்கத்தில் அழைத்தார். “ஒரு சில நூறு தலைகள்தாமே? தொட்டியில் வளர்த்துக் கொடுத்துவிடுங்கள்.”

“ஐயா, தசைதான் வளரும். தலை வளராது.”

ஒலிவாங்கி இன்னும் அணைக்கப்படவில்லை என்பதை ஆணையர் மறந்துவிட்டார். “நான் பதவியேற்ற அன்றே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று சீறினார். “இத்தனை காலமும் தலையே இல்லாமலா இந்த வாரியம் நடக்கிறது?”

மண்டபம் முழுவதும் அது எதிரொலித்தது. எவரும் சிரிக்கவில்லை, சிரிப்பதற்கு முன்னனுமதி பெற வேண்டும்.

தலை வளர்ப்புத் துணைக்குழு அன்றே அமைக்கப்பட்டது. அதன் முதல் முயற்சி ஏப்ரல் மாதத்தில் ஓர் எஃகுத் தட்டில் வைக்கப்பட்டு, துணியால் மூடப்பட்டுக் கடைக்கு வந்தது. தலைமை விஞ்ஞானியே நேரில் கொண்டுவந்தார். துணியை விலக்கினார். சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை இருந்தது. அதன்மேல் ஊதா முத்திரை இருந்தது.

“என்னங்க இது?” என்றார் கடைக்காரரின் மனைவி.

“தலைங்க. முதல் மாதிரி.”

“கண்ணு எங்க?”

“கண் அடுத்த நிதியாண்டுல வந்துரும்.”

“காது?”

“காதுக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்டிருக்கோம்.”

“வாய்?”

விஞ்ஞானி குரலைத் தாழ்த்தினார். “வாய் தேவைதானான்னு ஆணையர் யோசிக்கிறார்.”

ஆடு வந்து உருண்டையை முகர்ந்தது, தும்மியது, முதுகைத் திருப்பிக்கொண்டது. கடைக்காரர் சிரித்தார். கடை மூடிய நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவர் மனைவி பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து, சுவரிலிருந்து பெரிய கத்தியை எடுத்தார். விஞ்ஞானி வாசல்வரை பின்வாங்கினார்.

“பயப்படாதீங்க. தழை நறுக்க,” என்றார் கடைக்காரர். மின்விசிறியை இறக்கி வைத்துவிட்டு, வெட்டுக்கட்டையைத் துடைத்து, அதன்மேல் தழைக் கட்டு ஒன்றை வைத்து நறுக்கினார். அந்தக் கட்டையில் மீண்டும் கத்தி விழும் ஓசை தெருமுனைவரை கேட்டது. எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

“தட்டை எடுத்துட்டுப் போங்க சார்,” என்றார் மனைவி. “காது இல்லாத தலையை நான் வித்ததும் இல்ல, வாங்குனதும் இல்ல.”

இன்றைய நிலை இதுதான். ஆட்டை வெட்டும் ஆணை திரும்பப் பெறப்படவில்லை. ‘தலை நிலுவை’ என்று நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. வெளியூர்க்காரர் விருந்தினர் இல்லத்திலேயே இருக்கிறார். வேளாவேளைக்கு வாரியத்தின் கறியைத் தின்று பெருத்துக்கொண்டிருக்கிறார். மைத்துனனுக்குச் சம்பளம் வரவில்லை. செத்தவனுக்கு மேலதிகாரி கிடையாது என்று முடிவு செய்து, அவன் தொட்டி கழுவுவதை நிறுத்திவிட்டுக் கடையில் சாணைச் சக்கரம் சுற்றுகிறான். தொட்டிகளோ நிறைந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போதெல்லாம் கண்காணிப்பாளரே கையை ஊன்றி நிற்கிறார் என்றும், நடை சற்றுத் தளர்ச்சி என்று மருத்துவர் குறிப்பிட்டிருக்கிறார் என்றும் கேள்வி.

ஆணையர் கவலைப்படவில்லை. “ஊரில் ஒரே ஒரு பெண்மணிதான் இதைக் கேட்கிறார்,” என்று அவர் கூட்டமொன்றில் சொன்னார். “ஒருவர் மட்டும் கேட்கும் கேள்விக்குப் பதில் தேவையில்லை, காலம் போதும். ஆறு மாதம் பொறுங்கள். அவர் களைத்துவிடுவார். அதன்பின் ஆட்டை முடித்துவிடலாம்.” அந்தச் சொற்களையும் கைதட்டி வரவேற்றார்கள்.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. அந்தப் பெண்மணி ஒருவர்தான் கேட்கிறார்.

ஆகவே, இதுவரை பொறுமையாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாசகரே, நாளைக் காலை பொட்டலம் வாங்கப் போவீர்கள் அல்லவா? வரிசையில் நில்லுங்கள். உங்கள் முறை வந்ததும், கையை நீட்டாதீர்கள். வாயைத் திறந்து, பின்னால் நிற்பவருக்கும் கேட்கும்படி, ‘தலை எங்கே?’ என்று கேளுங்கள். விற்பவர் உங்களை ஒதுங்கச் சொல்வார், ஒதுங்காதீர்கள். மேலதிகாரியைக் கூப்பிடுவார், அவரிடமும் கேளுங்கள். உங்களுக்கு ஆடு இல்லை என்பார்கள். தின்றவர் நீங்கள்தானே? தின்றவருக்குத் தெரிய வேண்டாமா? ஆறு மாதத்தில் பாதி கழிந்துவிட்டது. ஆடு அதோ, கடைவாசலில்தான் நிற்கிறது. கேளுங்கள்.